பகிடிக்கு அழுகிறவர்

பாரிசவாதம் வந்த பிறகு என்னுடைய மனுசன் சிரிப்பையும் அழுகையையும் இடம் மாற்றி வைத்துக்கொண்டார். பேச்சும் வலது கையும் போனது போதாதென்று இதுவும். தமையன் செத்த செய்தி தொலைபேசியில் வந்தபோது விழுந்து விழுந்து சிரித்தார். இடியப்பம் நன்றாக வந்திருக்கிறது என்றால் விம்மி விம்மி அழுவார். மூளையில் ஏதோ நரம்பு பழுது, அதற்கும் மனதுக்கும் சம்பந்தம் இல்லை, சிரிப்பையும் அழுகையையும் கணக்கில் எடுக்காதீர்கள் என்றார் டொக்டர். அவருக்குச் சொல்வது சுலபம்.

பகலில் இவரைப் பார்த்துக்கொள்ள வருகிற பிள்ளை இங்கே ரொறன்ரோவிலேயே பிறந்தவள். நான் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்ற முதலே, "அங்கிள் இண்டைக்கு வெரி ஹாப்பி அன்ரி, சிரிச்சுக்கொண்டே இருந்தவர்" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தச் சிரிப்புக்குள் என்னுடைய ஆள் இன்னும் இருக்கிறாரா இல்லையா? எனக்கு அது ஒன்றுதான் தெரியவேண்டியிருந்தது.

அதற்காகத்தான் அவருடைய பழைய ருஷ்யக் கதைப் புத்தகங்களை எடுத்தேன். எல்லாம் தமிழில் வந்தவை. கலியாணம் முடித்த புதிதில் அவற்றை எனக்கு உரக்க வாசித்துவிட்டுத் தானே சிரிப்பார். எனக்கோ அதில் ஒரே சாவும் குடியும் பனியும்தான் தெரியும். "உமக்கு விளங்கேல்லை. உவங்கள் சிரிப்பைச் செத்தவீட்டுக்குள்ளதான் ஒளிச்சு வைப்பாங்கள்" என்பார். ரொறன்ரோப் பனிக்குள் பஸ்ஸுக்கு நிற்கத் தொடங்கிய பிறகுதான் எனக்கும் அது பிடிபட்டது. அந்தக் கதைகளில் உயிர் போகிற துன்பத்தில் இருக்கிறவன் தொப்பி நனைகிறதே என்று கவலைப்படுவான். நாங்கள் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு அடுத்த பக்கத்தில் வெட்கப்படுவோம்.

பின்னேரங்களில் வாசித்தேன். அவர் கண்டபடி சிரித்தார், கண்டபடி அழுதார், ஒன்றும் கதையோடு பொருந்தவில்லை. மாதக்கணக்காக இப்படித்தான். எனக்கு அலுத்துப்போனது. வாசிப்பது அவருக்கா சுவருக்கா என்று யோசிப்பதைக்கூட விட்டுவிட்டேன்.

அன்றைக்கு வாசித்தது ஒரு சவ ஊர்வலக் கதை. சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் பனிப்புயலில் வழிதவறிக் கலியாண வீடொன்றுக்குள் புகுந்துவிடுகிறார்கள். உயிரோடு இருந்தவரை அந்த மனிதரை ஒருநாளும் அழைக்காத வீடு அது. எனக்கு இடுப்பு விண்விண்ணென்று வலித்தது, சோறும் இன்னும் வைக்கவில்லை. கலியாண வீட்டை அப்படியே விட்டுவிட்டு, தாள்களைச் சேர்த்துப் புரட்டி, ஊர்வலம் இடுகாட்டுக்குப் போய்ச்சேர்ந்த இடத்தில் இருந்து வாசித்தேன்.

இடது கை வந்து புத்தகத்தில் அடித்தது. நிமிர்ந்து பார்த்தேன். சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை, முகம் முழுக்கக் கோபம். கறியில் உப்புக் குறைந்தால் பார்க்கிற அதே பார்வை.

"என்னப்பா?" என்றேன்.

ஒற்றை விரலால் பக்கத்தைப் பின்னுக்குத் தள்ளினார். நான் அசையாமல் இருக்க, இன்னொருதரம் தள்ளினார். கோபத்தைப் பற்றி டொக்டர் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

விட்ட இடத்தில் இருந்து ஒரு சொல் தவறாமல் வாசித்தேன். குடிவெறியில் இருந்த பெண்வீட்டார் சவப்பெட்டியைப் பரிசுப்பெட்டி என்று நினைத்து, மணமக்களுக்குப் பக்கத்தில் நல்ல இடமாகப் பார்த்து வைக்கிறார்கள். அந்த இடம் வந்ததும் அவர் ஓவென்று அழத் தொடங்கினார். தோள் குலுங்கியது, கன்னமெல்லாம் கண்ணீர்.

நான் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, அவர் சிரித்து முடியட்டும் என்று காத்திருந்தேன்.