கொக்கு பார்த்தது, அம்மா பார்த்தாள்

நீங்கள் ஒரு கேவலமான வேலை செய்துகொண்டிருக்கும்போது, உங்களைப் பெற்றவள் பின்னால் உட்கார்ந்து முழுசாகப் பார்த்துவிட்டு, வாயே திறக்காமல் இருந்துவிட்டால், நீங்கள் யாரைக் குற்றம் சொல்வீர்கள்?

நல்ல பிள்ளை மாதிரி ‘என்னைத்தான்’ என்று உடனே சொல்லிவிடாதீர்கள். இன்று காலை பத்து மணிக்கு எனக்கு அம்மா மேல்தான் கோபம் வந்தது. கோபம்கூட இல்லை, கரண்டில் கை வைத்த மாதிரி. இன்னும் விடவில்லை. நின்றுகொண்டே போனில் டைப் அடிக்கிறேன், எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கொக்குக் கதை. அது இல்லாமல் இது புரியாது.

ஜனவரியில் நானும் என் வகுப்பு நண்பன் ஒருவனும் லேப்பைக் கட் அடித்துவிட்டு பைக்கில் வேடந்தாங்கல் போனோம். பறவை மேல் பாசம் எல்லாம் கிடையாது. வீடியோ போட்டால் நாலு பேர் பார்ப்பார்கள், அவ்வளவுதான். ஏரிக்கரையில் ஒருவர் பைனாகுலர் வாடகைக்குக் கொடுத்தார். வாங்கி, தண்ணீருக்குள் நிற்கும் ஒரு மரத்தைப் பார்த்தேன். கூட்டில் இரண்டு கொக்குக் குஞ்சுகள். ஒன்று பெரிசு, ஒன்று அதில் பாதி. பெரிசு சின்னதின் மண்டையில் கொத்திக்கொண்டிருந்தது. விளையாட்டு என்றுதான் முதலில் நினைத்தேன். விளையாட்டில் மண்டை சிவக்காது. சின்னது கழுத்தைக் கூட்டுக்கு வெளியே தொங்கப் போட்டு ஒளிந்தது. பெரிசு விடவில்லை.

தாய்க்கொக்கு எங்கே என்கிறீர்களா? அதே கூட்டின் விளிம்பில். ஒரு முழம்கூட இருக்காது. இறகைக் கோதிக்கொண்டு நின்றது.

“மச்சான், அவங்கம்மா எதிர்லயே நிக்குதுடா! இன்னாடா இது!” நண்பன் பைனாகுலரைப் பிடுங்கினான்.

நான் திரும்பப் பிடுங்கியபோது சின்னது தண்ணீரில் விழுந்துவிட்டிருந்தது. தாய் ஒரு தடவை கீழே பார்த்தது. அப்புறம் தொண்டையிலிருந்து மீனைக் கக்கிப் பெரிசுக்கு ஊட்டியது.

“அண்ணாத்த, கொன்னுட்ச்சுண்ணா!” என்று வாடகைக்காரரிடம் கத்தினேன்.

“தெனம் நடக்குறதுதாம்பா. அந்தாண்ட மரத்துல கூழைக்கடா கீது, பாக்குறியா?”

அன்று சாயங்காலம் வீட்டில் இதைச் சொல்லி அம்மாவை மடக்கினேன். எங்கள் வீடு திருக்கழுக்குன்றத்தில். அம்மா ஒரு பௌர்ணமி விடாமல் மலையைச் சுற்றுகிறவள். தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“ஏம்மா, எல்லாம் வல்லவருன்னு சொல்றியே, அத்தினி பவர் இருந்தும் ஒரு கொக்குக் குஞ்ச தடுக்கத் தெரியாதா உன் சாமிக்கு? கொக்க வுடு. பேப்பர் படிக்கிற இல்ல? மனுசனுங்க பண்றத எல்லாம் பாத்துகினு சும்மாதான கீறாரு?”

“நான் சொன்னா நீ கேக்குறியா? அப்புறம் அவர கேளு.”

“நீ வேற, அவரு வேற. அவருக்குப் பவர் கீதுல்ல.”

“பவர் இருந்திருந்தா இவன மொதல்ல மனுசனா படைச்சிருப்பாரும்மா,” என்றாள் தங்கச்சி. அப்போது ப்ளஸ் டூ.

மலைக்கு மதியம் சோறு சாப்பிட வந்துகொண்டிருந்த கழுகுகள் இப்போது வருவதில்லை. ஊரில் பாவம் கூடிவிட்டதால் என்று சிலர் சொல்வார்கள். அதையும் விடவில்லை நான்: “அதான்மா, கழுகே பேஜாரா போயி எஸ்கேப் ஆயிடுச்சு. நீ மட்டும் சுத்திகினு கீற.”

அம்மா தோசைக்கரண்டியால் சிங்க்கைக் காட்டினாள். “தின்ன தட்ட கழுவு. அத அவரு வந்து தடுக்க மாட்டாரு.”

ஜெயித்த திருப்தியோடு கழுவினேன்.

இப்போது நான் செய்த வேலை. தங்கச்சி நல்ல மார்க் எடுத்தாள். கோயம்புத்தூரில் டெக்ஸ்டைல் படிக்க வேண்டும் என்பது அவளுக்கு ரொம்ப நாள் கனவு. எங்கள் வீட்டில் கனவு காண்கிற ஒரே ஆள் அவள்தான். நான் கிடைத்ததில் சேர்ந்தவன். கவுன்சிலிங்குக்கு எந்தக் கல்லூரியை எந்த வரிசையில் போட வேண்டும் என்று கோடு போட்ட தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்தாள். முதல் நாலும் கோயம்புத்தூர் பக்கம், ஹாஸ்டல். அப்பாவும் சரி என்றுதான் சொல்லியிருந்தார்.

நான் ஹாஸ்டல் கேட்டபோது வேண்டாம் என்றவர் அவர். மூன்று வருஷமாகத் தினமும் செங்கல்பட்டுக்கு பஸ், அங்கிருந்து பொத்தேரிக்கு ரயில், கதவோரம் தொங்கிக்கொண்டு. ஃபிரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம் அந்தத் தாள் கண்ணில் படும். தண்ணீர் பாட்டில் எடுக்கும் முன்பே வயிறு எரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் தலைக்குக் குளிக்கப் போனாள். போன் ஃபிரிட்ஜ் மேல் சார்ஜில் இருந்தது. அம்மா அடுப்படித் தரையில் அரிவாள்மணையில் சங்கரா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள், குனிந்த தலை. போனை எடுத்தேன். பேட்டர்ன் எனக்குத் தெரியும். ட்யூஷனில் கூடப் படித்த ஒரு பையனோடு சாட். மகாபலிபுரம் போகிற திட்டம்.

அவன்: நாளைக்கு கன்ஃபர்ம் தானே?

அவள்: வீட்ல டைப்ரைட்டிங் ஸ்பெஷல் கிளாஸ்னு சொல்லிட்டேன்.

இந்த இரண்டு வரிக்கு மேலேயே இன்னொன்று இருந்தது. அந்தப் பையன் எழுதியது: ‘மொத்தம் ஆறு பேர். எங்க அம்மாவும் வராங்க, எல்லாருக்கும் புளிசாதம் கட்றாங்களாம்.’

புளிசாதம் கட்டிக்கொண்டு அம்மாவோடு வருகிறவன் என்ன காதலன்? எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து என் போனுக்கு அனுப்பி, அவள் போனில் அனுப்பிய தடத்தை அழித்து, அப்படியே திருப்பி வைத்தேன். அப்புறம் அங்கேயே நின்று புளிசாதத்தை வெட்டி எறிந்தேன். விரலால் ஓரத்தைப் பிடித்து ஒரு இழுப்பு. இரண்டு செகண்ட் வேலை. மீதி இருந்தது அந்த இரண்டு வரிதான்.

சாயங்காலம் அப்பாவிடம் காட்டினேன். பொறுப்பான அண்ணன் முகத்தோடு.

அப்பா கத்தவில்லை. டிவியை நிறுத்தினார். அவளைக் கூப்பிட்டார். ஸ்பெஷல் கிளாஸ் என்று சொன்னது பொய்தானா என்று மட்டும் கேட்டார். அவள் “அது வந்துப்பா” என்று ஆரம்பித்து அழுதாள். கூப்பிட்ட குரலிலேயே பயந்து, வருவதற்குள் அந்த சாட் மொத்தத்தையும் அழித்துவிட்டிருந்தாள். ஆறு பேர், அவன் அம்மாவும் கூட என்று அழுகைக்கு நடுவே சொன்னதற்குக் காட்ட அவளிடம் ஒன்றுமே இல்லை.

“ஹாஸ்டல் வாணாம். வூட்லேர்ந்து போய் வர்ற காலேஜா போடு,” என்றார். முடிந்தது.

மறுநாள் ஃபிரிட்ஜைப் பார்த்தேன். தாளைக் கிழிக்கவில்லை. முதல் நாலு வரியை ஸ்கேல் வைத்து, நேராக, அடித்திருந்தாள்.

போன ஞாயிறு அப்பா பக்கத்தில் உட்கார்ந்து புதிய வரிசையைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வைத்தார். இன்று மாலை ஐந்து மணிக்கு அது தானாக லாக் ஆகிவிடும். அதற்குப் பிறகு யார் நினைத்தாலும் மாற்ற முடியாது.

இன்று காலை பத்து மணி. தங்கச்சி இட்லியைப் பிய்த்துப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் எழுந்து அறைக்குப் போனாள். எனக்குச் சங்கடமாக இருந்தது. சங்கடம் வந்தால் நான் வாயைத் திறப்பேன். அது என் வியாதி.

“பாத்தியாம்மா, உன் சாமிய? இத்தினி வருஷம் சுத்துன. எல்லாத்தையும் பாத்துகினு சும்மாதான கீறாரு.”

அம்மா தங்கச்சியின் தட்டை எடுத்தாள். என்னைப் பார்க்காமலே சொன்னாள்: “நானும் பாத்துகினுதான்டா இருந்தேன்.”

“இன்னாத்த?”

“ஃபிரிட்ஜ் மேலேர்ந்து அவ போன எடுத்தியே, அத. அப்பால உன் போன்ல எதையோ வெட்டிகினு நின்னியே, அதையும்.”

கையிலிருந்த இட்லியைத் தட்டில் போட்டேன்.

“பாத்தியா? பாத்துட்டு ஏம்மா ஒரு சவுண்டு வுடல?”

“பாக்காம திருப்பி வெச்சிடுவன்னு நெனச்சேன்.”

“வெக்கல இல்ல? அப்போ?”

“அப்பாகிட்ட காட்ட மாட்டன்னு நெனச்சேன்.”

“காட்டிட்டேனே!”

“நீயே போய் சொல்லிடுவன்னு நெனச்சேன். பதினாறு நாளா நெனச்சிகினேதான் கீறேன்.”

பதினாறு நாள். எனக்கு மீன் பரிமாறியிருக்கிறாள். சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்திருக்கிறாள். நான் தங்கச்சியிடம் “கவலப்படாத, நம்ம பக்கமும் நல்ல காலேஜ் கீது” என்று தோளைத் தட்டியபோது பக்கத்திலேயே நின்று துணி மடித்திருக்கிறாள்.

“அதுக்குள்ள அவ வாழ்க்க போச்சேம்மா! என்ன டெஸ்ட் பண்ண அவதான் கெடச்சாளா?”

அம்மா அப்போதுதான் என்னைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. “தப்புதான்டா. அவள நெனச்சா ஒரு வாய் சோறு எறங்கல. என் தப்ப அவகிட்ட நான் சொல்லிக்கிறேன். உன்னுத நான் சொல்ல மாட்டேன்.”

தட்டோடு போய்விட்டாள்.

பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை நான் செய்த வீரச்செயல், படுத்து ஃபேனைப் பார்த்தது. அன்றைக்கு அம்மா ஒரு சத்தம் போட்டிருந்தால் போனை வைத்திருப்பேன், சத்தியமாக. அடுத்த வாரம் அவள் மார்க்கெட் போன நேரத்தில் மறுபடி எடுத்திருப்பேன், அதுவும் சத்தியம். ஆனால் அதைச் சொல்லி அம்மாவை விட்டுவிட முடியவில்லை. சாமியையும் விட முடியவில்லை. இரண்டு பேரும் நான் திருந்தக் காத்திருந்தீர்கள், சரி. தண்ணீரில் விழுந்தது நான் இல்லையே? என் கையைப் பிடிக்காமல் விட்டதற்குத் தங்கச்சி ஏன் விலை கொடுக்க வேண்டும்? ஏரிக்கரையில் நின்று கத்தியபோது சின்னதின் பக்கம் நின்று கத்துகிறேன் என்றுதான் நினைத்தேன். எனக்கு அலகு இருப்பது அன்றைக்குத் தெரியாது.

மணி மட்டும் ஓடியது.

இரண்டு மணிக்கு கேலரியைத் திறந்தேன். வெட்டிய படத்தை முழுசாக்க ஒரு பட்டன் இருக்கிறது. தொட்டால் போதும், புளிசாதம் திரும்ப வந்துவிடுகிறது. பதினாறு நாளும் அங்கேயேதான் இருந்திருக்கிறது. தங்கச்சி அறைக்குப் போய்ப் போனை நீட்டினேன். படித்தாள்.

“இத வெட்டிக் காட்டுனது நீயாடா?”

“ம்.”

அறைவாள் என்று எதிர்பார்த்தேன். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கடிகாரத்தைப் பார்த்தாள்.

“அப்பாகிட்ட சொல்லு. லிஸ்ட மாத்தணும்னா ஓடிபி அவரு போனுக்குத்தான் வரும். போ.”

முழுப் படத்தையும், நான் செய்ததை நாலு வரியாகவும் அப்பாவுக்கு அனுப்பினேன். ஒற்றை டிக். அப்பாவுக்குக் கடற்கரை ஓரத்தில் அணு ஆராய்ச்சி வளாகத்தில் வேலை. போனை கேட்டில் லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பைக்கை எடுத்தேன்.

கேட்டில் இருந்த செக்யூரிட்டியிடம், “அண்ணாத்த, எங்கப்பாவ கொஞ்சம் கூப்பிட முடியுமா?” என்று கேட்டேன்.

“ஷிப்டு வுட நாலரை ஆவும்பா. எமர்ஜென்சின்னா உள்ள போன் அடிக்கலாம். வூட்ல யாருக்காச்சும் உடம்பு சரியில்லையா?”

ஆமாம் என்று ஒரு தலையாட்டு. போதும். ஐந்து நிமிஷத்தில் அப்பா வெளியே வந்திருப்பார். பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது, அதுவும் நல்ல காரியத்துக்கு. திரும்பிப் பார்த்தேன், யாரோ பின்னால் நிற்கிற மாதிரி. ரோடு காலியாக இருந்தது.

“இல்லண்ணா,” என்றேன். “எல்லாரும் நல்லாத்தான் கீறாங்க. நான்தான் ஒரு தப்பு பண்ணிட்டேன்.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “அதுக்கெல்லாம் உள்ள போன் அடிக்க மாட்டாங்க. அந்த நெழல்ல போய் நில்லு.”

நிழலில்தான் நிற்கிறேன். தங்கச்சி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறாளாம். அம்மா மெசேஜ் அனுப்பினாள். அவ்வளவுதான், வேறு ஒரு வார்த்தை எழுதவில்லை.

மணி நாலு இருபத்தாறு. ஒற்றை டிக்.