காளியம்மா கேட்காத விரதம்

என் மகள் சரண்யா எங்கள் கண் முன்னாலேயே பட்டினி கிடந்து செத்துக்கொண்டிருந்தாள். நாங்கள் அதைப் பக்தி என்று நினைத்தோம். காளியம்மாவைக் கும்பிடுகிற உங்கள் எல்லோரிடமும் இதைச் சொல்ல வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்கிறது. நான் வாய்க்காரி. மூடி மறைத்துப் பேச எனக்கு வராது.

வாணியம்பாடியில் ஹாஸ்டலில் தங்கிக் காலேஜ் படித்தாள். போன வருஷம் தை மாதம் மலையில் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்தபோது கன்னம் ஒட்டியிருந்தது. "செவ்வாய், வெள்ளி காளியம்மாவுக்கு விரதம்மா" என்றாள். பிறகு திங்களும் விரதம். அப்புறம் எல்லா நாளும். வெந்நீரும் எலுமிச்சம்பழமும்தான் ஆகாரம். சாமி பேரைச் சொல்பவளிடம் தட்டை நீட்ட யாருக்குத் தைரியம் வரும்?

பக்கத்து வீட்டு ராணி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னா புண்ணியம் பண்ணியோ போ! உம் பொண்ணு மூஞ்சியில அம்மா களை கீது" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மாசியில் புளி உலுக்கிக்கொண்டிருந்தோம். பொறுக்க வந்த சரண்யா மரத்தடியிலேயே சுருண்டு விழுந்தாள். தூக்கிய என் வீட்டுக்காரர், "இன்னாடி இது, கொழந்த மாதிரி கனமே இல்லாம கீறா" என்று கதறினார். பஸ் வரக் காத்திருக்க முடியாமல் புளி ஏற்ற வந்த வண்டியிலேயே திருவண்ணாமலைக்கு ஓடினோம்.

"இது விரதம் இல்லம்மா, நோய். மனசுல ஆரம்பிச்சு ஒடம்ப தின்னுது. இதயம் ரொம்ப பலவீனமா இருக்கு" என்றார் டாக்டரம்மா. எனக்குப் பாதி புரியவில்லை. பிழைப்பாளா என்று கேட்டேன். அவர் மறுபடியும் அவள் நாடியைப் பிடித்துப் பார்த்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு வேப்பமரம். அதன் அடியில் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவர் பார்க்க, காளியம்மாவோடு சண்டை போட்டேன். "உம் பேரச் சொல்லித்தானே எம் பொண்ணு பட்டினி கெடக்கறா? நீ கேட்டியா? கேக்கலன்னா அவ வாயாலயே உண்மைய சொல்ல வை. எம் பொண்ண குடு தாயே, அவ எடைக்கு எடை சாமை உன் வாசல்ல கொட்றேன்." தொண்டை கட்டும்வரை அழுதேன்.

மறுநாள் காலை கஞ்சி டம்ளரை நீட்டினேன். வழக்கம்போலத் தள்ளினாள். பிறகு என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு உடைந்துபோனாள்.

"காளியம்மா எதுவும் கேக்கலம்மா. நாந்தான் பொய் சொன்னேன். சோத்த பாத்தாவே பயமா கீதும்மா."

காலேஜ் விழாவில் அவள் ஆடிய வீடியோவை யாரோ போனில் போட, அதன் கீழே முகம் தெரியாத ஒருவன் 'மலைப் பூசணி' என்று எழுதியிருக்கிறான். அதிலிருந்து இடுப்பைக் குறைக்கச் சொல்லும் வீடியோக்களையே பார்த்திருக்கிறாள். ஒன்றைப் பார்த்தால் அடுத்தது தானாக வந்து நிற்குமாம். வெயிலில் களை எடுத்து வளர்த்த பிள்ளையை எவனோ ஒரு வார்த்தையில் அழித்துவிட்டான். ஆனாலும் அவள் வாய் திறந்தாளே! அதுதான் காளியம்மா எனக்குச் சொன்ன பதில்.

அன்றிலிருந்து மருந்து, மனநல டாக்டர், ஒரு வாய் சோற்றுக்கு ஒரு மணி நேர அழுகை. எடை பார்க்கும்போது அவளைத் திரும்பி நிற்கச் சொல்லுவார்கள். நம்பரை அவளிடம் சொல்லக் கூடாது என்று கண்டிப்பு. அப்போதுதான் என் வேண்டுதல் நினைவுக்கு வந்து திக்கென்றது. எடை என்றாலே நடுங்குபவளை எப்படித் தராசில் ஏற்றுவது?

"வேற வேண்டுதலே கெடைக்கலியாடி உனுக்கு?" என்று வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். அப்புறம் அவரே யோசித்து, ஆடி மாதம் புளி வியாபாரியிடம் பழைய தட்டுத் தராசை வாங்கி வந்து கோயில் மரத்தில் கட்டினார். "இதுல நம்பரே இல்ல கண்ணு. தட்டு சமமா நின்னா போதும்" என்றார்.

ரொம்ப நேரம் தயங்கிவிட்டு அவளே ஏறி உட்கார்ந்தாள். சங்கிலியைப் பிடித்தாள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். நான் சாமையைக் கொட்டினேன். தட்டு அசையவில்லை. இறங்கி ஓடிவிடுவாளோ என்று நிறுத்திவிட்டேன்.

"இன்னும் கொட்டும்மா" என்றாள்.

கோயில் என்றும் பார்க்காமல் ஓவென்று அழுதுவிட்டேன். அந்தச் சாமையையே பொங்கி ஊருக்குப் போட்டோம். அவளும் ஒரு கை தின்றாள், அழுதுகொண்டேதான்.

முழுசாகக் குணமாகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். கொட்டிய முடி இன்னும் வளரவில்லை. சில நாள் கதவைச் சாத்திக்கொள்கிறாள். நான் வாசலிலேயே தட்டோடு உட்கார்ந்திருக்கிறேன். முன்பெல்லாம் அம்மாவிடம் மழையும் விளைச்சலும் கேட்பேன். இப்போது தினமும் சரண்யா சாப்பிட்ட ஒரு வாய்க்கு நன்றி சொல்கிறேன்.

உங்கள் வீட்டுப் பெண் விரதம் என்று தட்டைத் தள்ளினால், பெருமைப்படுவதற்கு முன்னால் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். டாக்டரிடம் கூட்டிப் போங்கள். பிறகு காளியம்மாவிடம் வந்து அழுங்கள், சண்டை போடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டாள். அவளும் பெற்றவள்தானே. எந்தத் தாய் தன் பிள்ளையைப் பட்டினி கிடக்கச் சொல்வாள்?