பதினொரு மணி நேரத்துக்காக றக்வானயிலிருந்து இரத்மலானைக்கு

என் தங்கச்சி மகள் ஷர்மிளா ஒரு விமானி. தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்து ஆகாயத்தில் ஓட்டுகிறவள் சபரகமுவ மாகாணம் முழுக்க அவள் ஒருத்திதான் என்று சொல்லி வருகிறேன், இதுவரை யாரும் மறுக்கவில்லை. போன மாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை அவளோடு கொழும்புக்குப் பக்கத்தில் இரத்மலானையில் உள்ள பறப்புப் பள்ளிக்குப் போனேன். பிள்ளைகளை இந்த வழியில் அனுப்ப நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

லைசன்ஸ் வந்த கையோடு பெரிய விமானத்தில் ஏற்றிவிட மாட்டார்கள். எத்தனை மணி நேரம் பறந்தாய் என்று கேட்பார்கள். அதைச் சேர்க்கச் சிலர் சின்ன விமானத்தில் சுற்றுலாக்காரரை ஏற்றுகிறார்கள். சிலர் கூட்டாக வாடகைக்கு எடுத்துப் பறக்கிறார்கள். சிலர் பயிற்றுநராகி, படிக்க வருபவர்களோடு பறந்தே சேர்க்கிறார்கள். ஷர்மிளாவைப் பயிற்றுநராக எடுக்கப் பள்ளி கேட்டது இருநூற்றைம்பது மணி. அவளிடம் பதினொன்று குறைந்தது.

காலை 5.20க்கு றக்வானயில் பஸ். இரத்தினபுரி நாற்பத்தைந்து கிலோமீட்டர், இரண்டு மணி நேரம், ஆளுக்கு 190 ரூபாய். வளைவுகளில் டிரைவர் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துச் சம்மதம் வாங்கித்தான் திருப்பினார்.

"ஜன்னல் எனக்கு மாமா. மேகத்த பாக்கணும்."

"மேலயே போய்ப் பாக்குறவளுக்குக் கீழ என்ன வேடிக்கை?"

"கீழ நின்னு பாத்துட்டுத்தான் மேல போகணும். தள்ளுங்க."

இரத்தினபுரியில் கொழும்பு பஸ் கிளம்ப இருபது நிமிடம் இருந்தது. பையை என் மடியில் வைத்துவிட்டு அவள் தேத்தண்ணி வாங்கப் போனாள். பையில் அவளுடைய பறப்புப் புத்தகம் இருந்தது. எங்கே, எந்த விமானத்தில், எத்தனை மணி நேரம் பறந்தாள் என்பதெல்லாம் அதில்தான்.

நான் இருபத்திரண்டு வருடம் தோட்டத்தில் ஆட்களை மேய்த்துப் பேர் போட்ட கங்காணி. படித்தது ஐந்தாம் வகுப்பு, ஆனால் என் எழுத்தைப் பார்த்துப் பெரிய துரையே கையெழுத்துப் பழகினார். காய்ச்சலில் படுத்தவளுக்கு மாதத்தில் ஒரு நாள் குறைந்தால், வேலைக்கு வந்ததாகப் பேர் போட்டுக் காப்பாற்றுவது எங்கள் பக்கத்துப் பழக்கம். அதனால் எந்தத் தோட்டமும் மூழ்கவில்லை. பேனாவை எடுத்தேன். அவள் புத்தகத்தில் மூன்று வரி சேர்த்தேன், பதினொரு மணி நேரம். அவள் எழுத்து மாதிரியே.

மகரகமவில் இறங்கி, த்ரீவீலுக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்துப் பள்ளிக்குப் போய்ச் சேரும்போது பதினொரு மணி. அன்று அவள் பறக்க ஒரு விமானம் ஒதுக்கியிருந்தார்கள். தலைமைப் பயிற்றுநர் முதலில் புத்தகத்தைப் புரட்டினார். பிறகு அலமாரியிலிருந்து இன்னொன்றை எடுத்தார். ஒவ்வொரு விமானத்துக்கும் தனியாக ஒரு புத்தகம் உண்டாம்! நான் எழுதியிருந்த தேதிகளில் ஒன்றில் அந்த விமானத்தின் எஞ்சினைக் கழற்றி வைத்திருந்தார்களாம்.

"இது யார் எழுதியது?" என்று சிங்களத்தில் கேட்டார். ஷர்மிளா பக்கத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நான்தான் சார். பிள்ளைக்குத் தெரியாது" என்றேன். கல்லும் கரையும் சிங்களத்தில் அரை மணி நேரம் பேசினேன். சரி, ஐந்து நிமிடம்.

அவர் கோபப்படவில்லை. "பதினொன்று பொய் என்றால், மற்ற இருநூற்று முப்பத்தொன்பதை யார் நம்புவது? நான் மேலே அறிவிக்க வேண்டும். விசாரணை முடியும்வரை இந்தப் பிள்ளை பறக்க முடியாது" என்றார்.

வெளியே அவளுக்கு ஒதுக்கிய விமானத்தில் வேறொருவர் ஏறிக்கொண்டிருந்தார்.

திரும்பும் பஸ்ஸில் அவளுக்காக ஜன்னல் பக்கத்தை விட்டு ஒதுங்கினேன்.

"நீங்களே உக்காருங்க மாமா" என்றாள். அவிசாவளையில் மழை பிடித்தது.

போகிறவர்கள் 5.20 பஸ்ஸையே பிடியுங்கள், அடுத்ததில் நிற்கவும் இடமிருக்காது. குடை வேண்டும். பிள்ளையின் புத்தகம் பிள்ளையின் கையிலேயே இருக்கட்டும்.

விசாரணை முடிந்ததென்று இன்னும் கடிதம் வரவில்லை. லயத்தில் கேட்பவர்களிடம் லீவில் வந்திருக்கிறாள் என்று நான் சொல்வேன். "லீவு இல்ல, நிறுத்தி வச்சிருக்காங்க" என்று அவள் உள்ளேயிருந்து திருத்துவாள். யாரால் என்பதை மட்டும் இதுவரை சொல்லவில்லை. அதனால்தான் நானே எழுதிவிட்டேன்.