அப்பாவின் நாலு பேர்

அறுபதுகளில் தர்க்கம் பற்றிய ஆங்கிலப் புத்தகம் ஒன்றை நூலகத்திலிருந்து எடுத்து வந்தேன். அறிவை வளர்க்க அல்ல, அப்பாவின் வாயை அடைக்க. தொலைபேசி நிலையத்தில் எனக்கு ஆபரேட்டர் வேலை கிடைத்திருந்தது. மாலை ஷிப்ட். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். துறைமுகத்தில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்த அப்பாவோ முடியாது என்றுவிட்டார்.

தப்பான வாதங்களுக்கு அந்தப் புத்தகம் வாயில் நுழையாத லத்தீன் பெயர்களை வைத்திருந்தது. நானே தமிழில் பெயரிட்டுக்கொண்டேன். பேச்சை விட்டுவிட்டுப் பேசுகிறவரைத் திட்டினால் ‘ஆளடி’. சொன்னதையே சுற்றிச் சுற்றிச் சொன்னால் ‘செக்குமாடு’. ஊரே சொல்கிறது, ஆகவே சரி என்றால் ‘ஊர்க்கூட்டம்’.

“பொம்பளப் புள்ள அந்த நேரத்துல வேலைக்குப் போகக் கூடாது.”

“ஏன்ப்பா?”

“போகக் கூடாதுன்னா போகக் கூடாது.”

“செக்குமாடு,” என்றேன். அடுக்களையில் அம்மா சிரிப்பை மறைக்க இருமினார்.

“திமிர் புடிச்ச கழுத!”

“இது ஆளடி.”

அப்பா பெரிய ஆயுதத்தை எடுத்தார். “நாலு பேரு என்னா பேசுவாங்க?”

“ஊர்க்கூட்டம். சரி, யாருப்பா அந்த நாலு பேரு? சொல்லுங்க, நானே கேட்டுட்டு வரேன்.”

அப்பா விரல்களை மடக்கத் தொடங்கினார். முதலில் கீழ்த்தளத்து இரும்புக்கடைத் தவுக்கே, அதாவது சீன முதலாளி. நாங்கள் ஜாலான் புசார் சாலையில் அவர் கடைக்கு மேல் மாடியில்தான் குடியிருந்தோம். உடனே படியிறங்கிக் கேட்டேன். “வேலையா? பாகுஸ் லா!” என்று மலாயில் பாராட்டிக் கட்டைவிரலை உயர்த்தினார். அடுத்தது பக்கத்து அறை அக்கா. “எனக்கும் அங்க ஏதாச்சும் இருக்கான்னு கேட்டுச் சொல்லும்மா,” என்றார். மூன்றாவது, சிரம்பான் அத்தை. அவர் எது நடந்தாலும் பேசுவார், கணக்கில் சேராது என்று அம்மாவே தள்ளிவிட்டார்.

நாலாவது விரல் மடங்கவில்லை.

“நாலாவது யாருப்பா?” ஜெயித்துவிட்ட கொழுப்பில் கேட்டேன்.

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “நான்தான். நீ வீடு வந்து சேர்ற வரைக்கும் எனக்குப் பயமா இருக்கும்.”

இதற்குப் புத்தகத்தில் பெயர் இல்லை. அப்பாவுக்குப் பயம் என்று ஒன்று உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

“அப்ப பஸ் ஸ்டாப்புல வந்து நில்லுங்கப்பா,” என்றேன்.

வேலையில் சேர்ந்தேன். அப்பா தினமும் குடையோடு வந்து நின்றார். தெருவில் நாலு பேர் பேசத்தான் செய்தார்கள். என்னைப் பற்றி அல்ல, மழையே இல்லாமல் குடையோடு நிற்கும் கிராணியைப் பற்றி.