மூன்று மாடி, நிற்காமல்

எங்கள் வீட்டு வாசலிலிருந்து மொட்டை மாடிக்கு ஐம்பத்து நான்கு படிகள். திருப்பூர் ராயபுரத்தில் கீழே குடித்தனம், மேலே பனியன் கம்பெனி என்று கட்டிய வீடுகளில் எங்களுடையதும் ஒன்று. முதல் மாடியில் தையல், இரண்டாவதில் செக்கிங், பேக்கிங், மொட்டை மாடியில் கட்டிங் வேஸ்ட் மூட்டைகள். இருபத்திரண்டு வருஷமாக ஏறி இறங்கிய படிகளை நான் எண்ணியதே இல்லை. நுரையீரலில் கேன்சர் என்று தெரிந்து, மூன்று கீமோவும் முடிந்த பிறகுதான் உட்கார்ந்து எண்ணினேன்.

எண்ண வைத்தவர் கோயமுத்தூரில் என்னைப் பார்த்த சர்ஜன். கட்டி சுருங்கியிருக்கிறது, இடது நுரையீரலின் கீழ்ப் பாகத்தை எடுத்துவிடலாம், ஆனால் மிச்சமிருப்பது உடம்பைத் தாங்குமா என்று தெரிய வேண்டும் என்றார். குழாயில் ஊதிப் பார்த்த டெஸ்டில் நான் பாஸும் இல்லை, பெயிலும் இல்லை. நாலு வாரம் நடந்து பழகி வாங்க, மூன்று மாடி நிற்காமல் ஏறினால் ஆபரேஷன், முடியாவிட்டால் வேறு வழி யோசிக்கலாம் என்றார். அந்த வேறு வழியைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்காமல் பேனா மூடியைப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது.

என் வீட்டுக்காரருக்கும் புரிந்தது. ஆனால் அவர் அதை வைத்துச் செய்த காரியம் தலைகீழ். ஊருக்குத் திரும்பியதும் முன் அறையில் ஒரு கட்டிலைப் போட்டு, படு என்றார். எங்கள் ஊரில் யாரும் சும்மா உட்கார மாட்டார்கள். காலையில் மிஷினில் உட்கார்ந்தால் ஷிப்ட் முடிகிறவரைக்கும் ஓட்டம். உடம்புக்கு முடியாமல் போனால்தான் படுக்கை. அதனால் படுக்கைதான் மருந்து என்று எல்லோரும் நம்பிவிட்டார்கள். டாக்டர் நடக்கச் சொன்னாரே என்றால், "நாலு வாரமும் தெம்பைச் சேத்து வெச்சு, அன்னைக்கு ஒரேயடியா ஏறிக்கலாம் புள்ள" என்கிறார். தெம்பு என்ன நூல் மூட்டையா, குடோனில் அடுக்கி வைக்க?

பார்க்க வந்தவர்களும் அவர் கட்சி. தாராபுரத்திலிருந்து சொந்தக்காரர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலும் மாதுளம்பழமுமாக வருவார்கள். நான் எழுந்து டீ வைக்கப் போனால் தோளைப் பிடித்து அமுக்கி உட்கார வைப்பார்கள். அமுக்கிவிட்டு, வீட்டுக்காரர் பீடி, சிகரெட் குடிப்பாரா என்று என்னிடம் ரகசியமாகக் கேட்பார்கள். இவர் வெற்றிலைகூடப் போடாத மனுஷர். வருகிற ஆத்திரத்தில் ஹார்லிக்ஸ் பாட்டிலைத் தூக்கி வீசலாம் போலிருக்கும். ஒரு வாரம் இப்படியே போனது. எட்டாம் நாள் குளித்துவிட்டு வந்து தலை துவட்டுவதற்குள் மூச்சு வாங்கியது. கீமோ ஓடிக்கொண்டிருந்தபோதுகூட அப்படி வாங்கியதில்லை. அன்றைக்குத்தான் நிஜமாகவே பயந்தேன்.

மறுநாள் அவர் கம்பெனிக்குத் துணி எடுக்கக் கிளம்பியதும் படியில் கால் வைத்தேன். வைத்தவள் ஒழுங்காக வைத்தேனா? பனியன் கம்பெனிக்காரி புத்தி எங்கே போகும். முதல் நாள் ஒரு மாடி, இரண்டாம் நாள் மணிக்கு ஒரு தடவை, மூன்றாம் நாள் மணிக்கு இரண்டு தடவை என்று எனக்கு நானே டார்கெட் போட்டேன். தையல் லைனில் பிள்ளைகளுக்குப் போடுவது போலத்தான். மூன்றாம் நாள் ரெண்டு மாடியை ஒரே மூச்சில் ஏறி, செக்கிங் டேபிளைப் பிடிக்கப் போனவள், பிடிக்காமல் துணிப் பண்டில் மேலேயே சாய்ந்துவிட்டேன். கண் இருட்டிவிட்டது. விழித்தபோது ஓவர்லாக் மிஷின் ஓட்டுகிற அம்மா என் தலையை மடியில் வைத்து பீஸ் துணியால் விசிறிக்கொண்டிருந்தார். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர், பதினாலு வருஷமாக எங்களிடம் தைக்கிறார்.

அன்று சாயங்காலம் மாடிப்படி கேட்டில் பூட்டு தொங்கியது. சாவி வீட்டுக்காரர் சட்டைப் பையில். கம்பெனி ஆட்கள் ஏறி இறங்க மட்டும் திறந்துவிட்டு, உடனே பூட்டிவிடுவார்.

நான் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்த பிசியோதெரபி பெண்ணுக்குப் போன் போட்டு, அழாத குறையாக எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அந்தப் பெண் சிரித்தாள். "ஆன்ட்டி, நீங்க ஷிப்மென்ட் அனுப்பலீங்க. ஏறும்போது பேச முடியோணும், ஆனா பாட முடியாத அளவுக்கு இருக்கோணும். அதுதாங்க உங்க வேகம்" என்றாள். பேச்சு வராமல் போனால் வேகத்தைக் குறை, மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து மெல்ல விடு, தலை சுற்றினால் உட்கார் என்று சொல்லிக் கொடுத்தாள். படுத்தே கிடந்தால் இருக்கிற சதையும் கரைந்துவிடும் என்றும் சொன்னாள். அதை ஸ்பீக்கரில் போட்டு அவர் காதில் விழவைத்தேன். விழாத மாதிரி டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரெண்டு நாள் அவரோடு பேச்சு வார்த்தை இல்லை. படிதானே பூட்டியிருக்கிறது, ரோட்டை யார் பூட்டுவார்கள் என்று விடிந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன். பத்தடி போயிருப்பேன், பின்னால் மொபெட் சத்தம், அவர்தான். நான் நடக்கிற வேகத்துக்கு அதை உருட்டி உருட்டி ஓட்டிக்கொண்டு, விழுந்தால் பிடிக்க வருகிறாராம். பின்னால் வந்த கம்பெனி வேன்காரன் ஹாரன் அடித்துத் தீர்த்தான். நான் திரும்பி, இருக்கிற நுரையீரலுக்கும் உங்கள் வண்டிப் புகையா என்று கேட்டேன். இஞ்சினை அணைத்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். ராயபுரமே பார்த்தது. டீக்கடையில் ஒருவர் பெட்ரோல் தீந்துபோச்சுங்களா என்று அக்கறையாக விசாரித்தார். எனக்குச் சிரிப்பு வந்து, சிரித்ததில் இருமல் வந்து, கம்பத்தைப் பிடித்து நின்றேன். அவரும் சிரித்துவிட்டார். கேன்சர் என்று கேட்ட நாளிலிருந்து நாங்கள் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான்.

நாலைந்து நாள் வண்டி தள்ளி அலுத்துப்போய்த்தான் இறங்கி வந்தார். சாவியை எனக்குத் தரவில்லை, ஓவர்லாக் அம்மா கையில் கொடுத்தார். அந்த அம்மா கூட வந்தால் மட்டும் நான் படி ஏறலாம் என்று பேச்சு. பதினோரு மணி டீ நேரத்திலும், நாலு மணி டீ நேரத்திலும் அவர் கேட்டைத் திறப்பார். "யக்கா, நீங்க பேச்ச நிறுத்தினா நானும் நின்னுருவேன் பாத்துக்கோங்க" என்பதுதான் ஒரே கண்டிஷன். அவர் ஊர் மீன் கதையெல்லாம் எனக்குத் தெரியும் இப்போது. என் கல்யாணத்தன்று பந்தியில் ரசம் தீர்ந்து நடந்த சண்டையை அவருக்கு நாலு தவணையாகச் சொன்னேன். முதலில் பதினெட்டுப் படி. நாலு நாள் கழித்து செக்கிங் வரைக்கும். அங்கே நின்று ரெண்டு பீஸை விரித்துப் பார்த்து, தையல் விட்டதைக் கண்டுபிடித்துக் கத்திவிட்டு இறங்குவேன். கத்த முடிந்ததில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது.

ராத்திரி தூக்கம் வந்தது. பசித்தது. புளிச்சோறு கேட்டுச் சாப்பிட்டேன். நாலாவது வாரம், ஒரு நாலு மணி டீக்கு, ஐம்பத்து நான்காவது படியையும் ஏறி, வேஸ்ட் மூட்டைகளுக்கு நடுவில் நின்று திருப்பூரைப் பார்த்தேன். பார்க்க அங்கே பெரிதாக ஒன்றுமில்லை, தண்ணி டேங்குகளும் கொடியில் துணிகளும்தான். எனக்கு அது போதும்.

டெஸ்டு அன்று ஆஸ்பத்திரிப் படியில் ஒரு சின்ன டாக்டர் என் விரலில் ஆக்சிஜன் அளவு காட்டுகிற கிளிப்பை மாட்டி, கூடவே ஏறினார். வீட்டுக்காரர் ரெண்டு படி பின்னால், ரெண்டு கையையும் விரித்துக்கொண்டு. பழக்க தோஷம், நான் வாயைத் திறந்துவிட்டேன். டாக்டருக்கு எந்த ஊர், கல்யாணம் ஆகிவிட்டதா, ஏன் ஆகவில்லை என்று ஒவ்வொரு மாடிக்கும் ஒன்றாகக் கேட்டேன். பதில் சொல்வதில் அவருக்குத்தான் மூச்சு வாங்கியது. மூன்றாவது மாடியில் கிளிப்பைப் பார்த்து, "போதும்மா, பாஸ். சார்கிட்ட சொல்லிடறேன்" என்றார்.

சொல்லலாம் என்று திரும்பினால் இவரைக் காணோம். எட்டிப் பார்த்தேன். இரண்டாவது மாடித் திருப்பத்தில், கம்பியைப் பிடித்தபடி படியில் உட்கார்ந்திருந்தார். நெஞ்சுவலியோ என்று பதறி இறங்கினேன். துண்டில் முகத்தைப் புதைத்து அழுதுகொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நீ ஏறி, முடியலைன்னு ஆயிருந்தா அப்பறம் நான் ஆருகிட்டப் போய் என்னன்னு கேப்பேன் புள்ள" என்றார். "அதுக்குத்தான் தெம்பு கிம்புன்னு சாக்குச் சொல்லி, ஏறவே வேண்டாம்னேன். ஏறாத வரைக்கும் முடியாதுன்னு ஒருத்தனும் சொல்ல முடியாதில்ல."

ஒரு மாதமாக நான் அவரைத் திட்டாத திட்டில்லை. பூட்டுக்காரன், ஜெயிலர் என்று ஓவர்லாக் அம்மாவிடம் பேர் வைத்துச் சிரித்திருக்கிறேன். இத்தனை பயத்தை ஒரு மனுஷர் தனியாக வைத்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவே இல்லை. எனக்கும் அழுகை வந்தது.

மேலேயிருந்து டாக்டர் எட்டிப் பார்த்து, என்னம்மா, உங்களுக்கு மூச்சு வாங்குதா என்று பதற்றமாகக் கேட்டார்.

"எனக்கில்லீங்க, இவருக்கு. ரண்டு நிமிஷம் குடுங்க, நான் கூட்டிட்டு வர்றேன்" என்றேன்.

அவர் கையைப் பிடித்து எழுப்பி, அந்த ஒரு மாடியை இன்னொரு தடவை ஏறினேன்.