நீல வானத்தின் கீழே வந்த வெள்ளம்

ரங்கூன்காரர்களான எங்களுக்குத் தண்ணீர் என்றால் மேலேயிருந்துதான் வரும். வானம் நீலமாக இருந்தால் பயமில்லை. பத்தாவது தேர்வு முடிவுக்காகக் காத்திருந்த நாட்களில், எங்கள் பேட்டையான தாமுவேயிலிருந்து நானும் ஜோசப்பும் செல்வமும் வடக்கே வறண்ட பகான் பக்கம் போனபோதும் அப்படித்தான் நினைத்தோம். அங்கே ஓர் ஆறு காய்ந்து, கரையிலிருந்து கரைவரை வெறும் மணலாகக் கிடந்தது. பாலைவனமே கிடைத்துவிட்டதென்று நடுவில் கூடாரம் போட்டோம்.

மதியம் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. ஜோசப் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் மணலைத் தோண்டித் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா திடீரென்று குடத்தைப் போட்டுவிட்டு, "கரைக்கு ஓடுங்க!" என்று பர்மிய மொழியில் கத்தினார். தூரத்தில் லாரி வருவதுபோல் சத்தம்.

"மழையே இல்லையேடா" என்றான் செல்வம்.

"மலையில பெய்ஞ்சிருக்கு, ஓடுங்க!" என்று அந்த அம்மா தூரத்து மலையைக் காட்டினார்.

அவரோடு ஓடிக் கரையேறினோம். உடனே ஜோசப், "ஐயோ, கிட்டார்!" என்று திரும்ப இறங்கப் போனான். அந்த அம்மா பின்னாலிருந்து அவன் லுங்கியை எட்டிப் பிடித்தார். முடிச்சு அவிழ்ந்தது. அவன் வெட்கத்தில் அப்படியே நின்று, இரண்டு கையாலும் லுங்கியைப் பிடித்துக்கொண்டான்.

அந்தக் கணத்தில் மண் நிறச் சுவர் ஒன்று எங்கள் காலடியில் இரைந்துகொண்டு போனது. கூடாரம், பானை, கிட்டார் எதுவும் இல்லை. வானம் மட்டும் அதே நீலம்.

இன்றும் ரங்கூனின் பபேடான் கடைத்தெருவில் ஜோசப்பின் லுங்கி நழுவும். அவன் மனைவி, "இறுக்கிக் கட்டுங்களேன்" என்று அதட்டுவாள். அன்று அவன் உயிரைக் காத்த அந்த அவிழ்ந்த முடிச்சை நினைத்து நான் சிரித்துக்கொள்வேன்.