ஒட்டுப் போட்ட சுருட்டு

1. மொட்டை மாடி

பெட்டியைத் திறந்தேன். உள்ளே ஈர ஸ்பாஞ்ச் மட்டும் இருந்தது. இருபத்தைந்து சுருட்டில் ஒன்றைக்கூடக் காணோம்.

வெள்ளிக்கிழமை, மதியம் ஒரு மணி. மறுநாள் சாயங்காலம் அந்தச் சுருட்டைப் பிடிப்பதற்கென்றே பெங்களூரிலிருந்து ஒரு பெரிய மனிதர் வருகிறார்.

என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். பெயர் அந்தோணி. பெங்களூரில் ஒரு நட்சத்திர ஓட்டலின் சிகார் லவுஞ்சில் இருபத்திரண்டு வருஷம் ஸ்டீவர்ட். ஐம்பத்தேழு வயதில் ஊர் திரும்பி, நல்லம்பள்ளி தாண்டி நெடுஞ்சாலை ஓரம் இருக்கும் ஒரு ரிசார்ட்டில் சேர்ந்து அப்போது ஏழு மாதம் ஆகியிருந்தது. முதலாளி பச்சையப்பனுக்கு முக்கியத் தொழில் கிரானைட். கம்பைநல்லூர்ப் பக்கம் கல் பாலிஷ் யூனிட் வைத்திருக்கிறார். என் பேச்சில் மயங்கித்தான் ரிசார்ட் புல்வெளியில் குடிசை போட்டு, 'சிகார் கார்னர்' என்று பலகை மாட்டி, சுருட்டை ஈரப்பதம் குறையாமல் வைக்கும் ஹியூமிடார் பெட்டியும் வாங்கிக் கொடுத்தார். ஏழு மாதத்தில் அங்கே வந்து உட்கார்ந்தவர்கள் நான்கு பேர். அதில் இரண்டு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள்.

"நாகராஜ் சார் ஆர்டர் குடுத்தாருன்னா இந்தக் குடிசை இருக்குமுங்க அண்ணா, நீங்களும் இருப்பீங்க. இல்லீன்னா கரும்பு ஜூஸ் மெசின் வெச்சிருவேன்," என்று அந்த வாரம்தான் பச்சையப்பன் சொல்லியிருந்தார். நாகராஜ்தான் வரப்போகும் அந்தப் பெரிய மனிதர், வெளிநாட்டுக்குக் கல் அனுப்பும் ஏற்றுமதிக்காரர். சுருட்டுப் பிரியர். ஜூஸ் மெஷின் வந்தால் நான் மறுபடி பெங்களூருக்கு மூட்டை கட்ட வேண்டும், ஆறு பேர் படுக்கும் அறையில் ஒரு கட்டிலுக்கு. சொந்த வீட்டில் தூங்கி எழும் சுகம் கண்டபிறகு அது என்னால் ஆகாது.

ஹவுஸ்கீப்பிங் மாதம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"அதுங்களாண்ணா? மாடில காயப் போட்டிருக்கறேனுங்க," என்றார். "எல்லாம் நமுத்துப் போயிருந்துச்சு. மேல வெள்ளையா வேற பூத்துக் கெடந்துச்சு. நல்லாத் தொடச்சுட்டுத்தான் போட்டேனுங்க."

அந்த வெள்ளைப் பூச்சுக்குத் தொழிலில் 'ப்ளூம்' என்று பெயர். நல்ல சுருட்டை மாதக்கணக்கில் பக்குவமாக வைத்திருந்தால் உள்ளே இருக்கும் எண்ணெய் மெல்ல வெளியே வந்து பொடியாகப் படியும். அதைப் பார்ப்பதற்கென்றே பெங்களூரில் லென்ஸ் கொண்டுவரும் கஸ்டமர்கள் உண்டு. மாதம்மா அதைத் தரை துடைக்கும் துணியால் துடைத்திருந்தார். இல்லை, புதுத் துணிதான் என்று இன்றுவரை சாதிக்கிறார்.

மாடிக்கு ஓடினேன். ஒரு பக்கம் மிளகாய், ஒரு பக்கம் கொட்டை எடுத்த புளி, நடுவில் பழைய சேலையின் மேல் என் இருபத்தைந்து சுருட்டு, வரிசை பிசகாமல். ஒன்றை எடுத்து விரலால் அமுக்கினேன். அப்பளம் மாதிரி நொறுங்கியது.

வாய்க்கு வந்தபடி கத்தினேன். எனக்குக் கோபம் வந்தால் கன்னடமும் கலந்து வரும். மாதம்மா அசரவில்லை.

"எங்கப்பாரு பொகயில போட்டவருங்க. ஈரத்தோட கொண்டுபோனா யாவாரி எடையே போடமாட்டான். நீங்க என்னடான்னா பெட்டிக்குள்ள தண்ணி வெச்சு வளக்கறீங்க. கெட்டுப்போகுதேன்னு பதறிப்போயி நான் செஞ்சேன். என்னையப் போயித் திட்டறீங்களே!"

அவர் மேல் தப்பில்லை. ஹியூமிடார் என்றால் என்ன என்று ஏழு மாதத்தில் ஒருமுறையாவது அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். பெரிய வித்தைக்காரன் மாதிரி பூட்டிப் பூட்டி வைத்தேனே தவிர வாயைத் திறக்கவில்லை. அன்று காலையில் பூட்டவும் மறந்திருந்தேன்.

2. ஈரச் சாக்கு

காய்ந்த சுருட்டுக்கு ஈரம் ஏற்ற மூன்று வாரமாவது ஆகும். கையில் இருந்தது ஒரு நாள்.

"காஞ்ச எலயக் கட்டறதுக்கு முன்னாடி எங்கப்பாரு ஈரச் சாக்கப் போத்தி வெப்பாருங்க. பதமா வந்துரும்," என்றார் மாதம்மா. வேறு வழி இல்லாததால் தலையாட்டினேன். மூங்கில் கூடையில் சுருட்டுகளை அடுக்கி, சாக்கு மேலே படாமல் மூடி, ஸ்டோர் ரூமில் வைத்தோம். அன்று முழுக்க மாதம்மா அரை மணிக்கு ஒருதரம் போய் எட்டிப் பார்த்தார்.

இலைக்கு அது பதம் தருமோ என்னவோ, சுருட்டுக்குத் தரவில்லை. பாதி வெயிலில் வெடித்திருந்தது, மீதி சாக்கில் வெடித்தது. சனிக்கிழமை காலையில் எடுத்துப் பார்த்தால் இருபத்திரண்டு உருப்படி காலி. மூன்று மட்டும் முழுசாக இருந்தன. அந்த மூன்றிலும் மேல் இலையில், அதாவது ரேப்பரில், தலைமுடி கனத்துக்கு ஒவ்வொரு வெடிப்பு.

இந்த இடத்தில் என் பழைய கெட்டிக்காரத்தனம் தலை தூக்கியது. பெங்களூரில் வெடித்த சுருட்டுக்கு ஒட்டுப் போடுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. கெட்டுப்போன சுருட்டின் ரேப்பரில் நகம் அளவு இலை கிள்ளி, பசை தடவி, நரம்புக்கு நரம்பு சேர்த்து ஒட்டிவிடுவேன். மேனேஜருக்கே தெரியாது. இங்கே பசை இல்லை. கிச்சனில் சோற்றுக் கஞ்சி இருந்தது. அதைச் சுண்டக் காய்ச்சி ஒட்டினேன்.

மாதம்மா கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்க ஒட்டுனீங்கன்னே தெரியலீங்களே!" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

3. முதலாளிக்குப் பாடம்

மத்தியானம் பச்சையப்பன் வந்தார். விருந்தாளி பிடிக்கும்போது தானும் கூடப் பிடிக்க வேண்டும், அதுதான் மரியாதை என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். வெடிப்பு, கஞ்சி எதையும் நான் அவரிடம் சொல்லவில்லை.

உடைந்து போனவற்றில் ஒன்றை வைத்துக்கொண்டு பாடம் எடுத்தேன். மூடிய முனையைக் கட்டரால் கொஞ்சமாக நறுக்க வேண்டும். பற்ற வைக்காமலே ஒருமுறை இழுத்துப் பார்க்க வேண்டும். இலையின் வாசனை அதில்தான் சுத்தமாகத் தெரியும். அப்புறம் நெருப்பைத் தொடவிடாமல் அடி முனையைச் சுற்றிச் சுற்றிச் சூடு காட்ட வேண்டும். நிமிஷத்துக்கு ஓர் இழுப்பு போதும். புகையை வாயில் உருட்டிவிட்டு வெளியே விட வேண்டும்.

"முக்கியமானது ஒன்று. புகை தொண்டைக்குக் கீழே இறங்கக் கூடாது. இது ஃபுல் பாடி. லைட்டான சரக்கு இல்லை. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத்தான் உட்கார வேண்டும்," என்றேன்.

"என்ன ருசி வருமுங்க?"

கம்பெனி அட்டையில் தோல், தேவதாரு, எஸ்பிரஸோ என்று போட்டிருக்கும். நான் அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். முதல் பாகத்தில் மிளகுக் காரம் மூக்கில் ஏறும். நடுவில் கொள்ளு வறுத்த வாசனை வரும். கடைசியில் கருப்பட்டி கருகின கசப்பு, கூடவே ஒரு தித்திப்பு.

அவர் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார். "இதெல்லாம் எங்க வூட்டு அடுப்படிலயே இருக்குதுங்களேண்ணா. இதுக்கா இத்தன பாடு?"

நான் ஸ்டீவர்ட் முகத்தை வைத்துக்கொண்டு கட்டரைத் துடைத்தேன்.

4. மூன்றாவது இழுப்பு

நாகராஜ் ஐந்தரைக்கு வந்தார். அறுபது வயது, வெள்ளைச் சட்டை, பையில் சொந்தக் கட்டர். அதைப் பார்த்ததுமே விவரம் தெரிந்த ஆள் என்று புரிந்துவிட்டது.

தட்டில் மூன்று சுருட்டையும் ஒட்டு கீழே இருக்கும்படி வைத்து நீட்டினேன். ஒன்றை எடுத்தார். மூக்குக்குக் கீழே குறுக்கே ஓட்டினார். நறுக்கினார், வெறும் இழுப்பு இழுத்தார், கண்ணை மூடினார். பற்ற வைத்து முதல் புகையை விட்டுவிட்டு, "சென்னாகிதே, நல்லாயிருக்கு. கொஞ்சம் காஞ்சிருக்கு. ஆனா சென்னாகிதே," என்றார்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பச்சையப்பனும் தன்னுடையதைப் பற்ற வைத்தார். காலையிலிருந்து இருந்த பதற்றத்தில் மனிதர் ஒரு வாய் சோறுகூடச் சாப்பிடவில்லை என்பது எனக்குத் தெரியாது. குவாரியில் நின்ற காலத்தில் கட்டுக் கட்டாகப் பீடி குடித்தவர் என்பதும் தெரியாது. முதல் இழுப்பை ஒழுங்காக வெளியே விட்டார். இரண்டாவதில் பாதி உள்ளே போனது. மூன்றாவதைப் பீடியை இழுப்பது போல அடிவயிறு வரைக்கும் இழுத்தார்.

நெற்றியில் வேர்வை முத்து முத்தாகக் கிளம்பியது. உதடு வெளுத்தது. நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நேரே எதிரில் இருந்த பூந்தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதே நேரத்தில் நாகராஜின் சுருட்டில் கனல் ஒட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. சூடு பட்டதும் கஞ்சி பிடி விட்டது. நகம் அளவு இலை மெல்ல எழும்பி, நாக்கு நீட்டுவது போல நின்றது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"என்னப்பா இது? ஒட்டா?"

சுருட்டைத் திருப்பி ஒட்டின இடத்தைப் பார்த்தார்.

"ரொம்ப நல்லா ஒட்டியிருக்கு. கண்டுபிடிக்கவே முடியல," என்று பச்சையப்பன் பக்கம் திரும்பினார். குரல் மாறியிருந்தது. "கல்லுலயும் இப்படித்தான் பண்றீங்களா?"

கல் தொழிலில் இதைவிடக் கெட்ட கேள்வி கிடையாது. அறுத்த கல் பலகையில், அதாவது ஸ்லாப்பில், முடி போல வெடிப்பு இருந்தால் ரெசின் பசை விட்டு நிரப்பி, மேலே பாலிஷ் போட்டு, முதல் தரம் என்று தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. பச்சையப்பன் அந்த ரகம் இல்லை. ஆனால் அதைச் சொல்ல வாயைத் திறக்க வேண்டுமே. வாயைத் திறந்தால் என்ன வரும் என்று அவருக்கே தெரியவில்லை. நாகராஜ் அந்த மௌனத்தை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். சுருட்டைத் தட்டில் வைத்துவிட்டுக் கார் சாவியைத் தேட ஆரம்பித்தார்.

என் வேலை போகட்டும், அந்த மனிதர் பெயர் என்னால் கெடக் கூடாது என்று தோன்றியது.

"சார், ஒட்டுப் போட்டது நானுங்க. அவருக்கு ஒண்ணுமே தெரியாது. வெடிச்சுப்போனத மறைச்சு உங்க கையில குடுத்துட்டேன்."

"காயப் போட்டது நானுங்க," என்று பின்னாலிருந்து குரல் வந்தது. மாதம்மா ஒரு தட்டில் வெல்லக் கட்டியோடு நின்றார். முதலாளி முகத்தைத் தூரத்திலிருந்து பார்த்ததுமே, புகையிலை மயக்கத்துக்கு வெல்லம்தான் மருந்து என்று கிச்சனுக்கு ஓடியிருக்கிறார்.

"அப்போ அவர் ஏன் பேச மாட்டேங்கறார்?"

"பேசுனா வாந்தி வந்துருமுங்க சார்," என்றேன்.

நாகராஜ் அப்போதுதான் பச்சையப்பனைச் சரியாகப் பார்த்தார். "அய்யோ ராமா! உள்ள இழுத்துட்டாரா?" என்று எழுந்து வந்து அவரே விசிற ஆரம்பித்தார். வெல்லம் உள்ளே போய், தண்ணீர் குடித்து, கால் மணி நேரம் கழித்துத்தான் பச்சையப்பனுக்குப் பேச்சு வந்தது.

"காலைல கல் யார்டுக்கு வாங்க சார். எல்லாக் கல்லுக்கும் தண்ணி ஊத்தறேன். நீங்களே நின்னு பாருங்க."

5. தண்ணீர் காய்கிற நேரம்

ஸ்லாப்பின் மேல் தண்ணீர் ஊற்றினால் மேற்பரப்பு சீக்கிரம் காய்ந்துவிடும். வெடிப்புக்குள் போன தண்ணீர் கடைசியில்தான் காயும். அதுவரை கருப்புக் கோடாக நின்று காட்டிக் கொடுக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு ஹோஸ் போட்டு யார்டு முழுக்க நனைத்தார்கள். நாகராஜ் குனிந்து குனிந்து நடந்தார். நானும் மாதம்மாவும் பின்னாலேயே நடந்தோம். என் ஏழு மாதச் சொந்த வீட்டு வாழ்க்கை அந்த வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

இரண்டு ஸ்லாப்பில் கோடு தெரிந்தது. நாகராஜ் அங்கே போய்ச் சேருவதற்குள் பச்சையப்பனே சாக்பீஸால் அந்த இரண்டிலும் பெருக்கல் குறி போட்டுவிட்டார். "இது ரெண்டும் வேண்டாமுங்க சார்," என்றார். மற்றதெல்லாம் சுத்தமாகக் காய்ந்தது.

மீதி ஸ்லாப் அத்தனைக்கும் ஆர்டர் கிடைத்தது. பச்சையப்பன் என்னைப் பார்த்து, "குடிசை இருக்கட்டுமுங்க. பெட்டிச் சாவி மட்டும் இனிமே மாதம்மாகிட்ட," என்றார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு. மாதம்மா பார்த்துவிடக் கூடாதே என்று திரும்பிக்கொண்டேன்.

காரில் ஏறப் போன நாகராஜ் நின்றார்.

"பெங்களூர்ல எந்த ஓட்டல்லப்பா இருந்தீங்க?"

பெயரைச் சொன்னேன்.

அவர் திறந்த கதவை மறுபடி மூடினார். "பன்னெண்டு வருஷமா டிரைவரை அனுப்பி அங்கிருந்துதான் சுருட்டு வாங்கறேன். அங்க ஒட்டுப் போடற வேலை யார் பண்ணினாங்க?"

பச்சையப்பன் என்னைப் பார்த்துக் கண்ணால் கெஞ்சினார். வேறு யாரோ என்று சொல்லியிருக்கலாம், அந்த ஆள் ஓய்வு பெற்றுவிட்டான் என்றுகூடச் சொல்லியிருக்கலாம். ஆனால் முந்தின நாள் ஒரு நகம் அளவு இலைக்காக ஒரு நல்ல மனிதர் வாயைத் திறக்க முடியாமல் தவித்ததைப் பார்த்திருந்தேன்.

"நான் ஒருத்தன்தானுங்க சார்," என்றேன்.

"அப்படீன்னா நான் குடிச்சதுல..."

"கொஞ்சம் இருக்குமுங்க."

நாகராஜ் கார் கூரையின் மேல் கையை ஊன்றிக்கொண்டு வானத்தைப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "பன்னெண்டு வருஷமா, அந்த ஓட்டல் சுருட்டு மாதிரி ஊர் ஒலகத்துல கிடையாதுன்னு பாக்கறவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டிருக்கேனப்பா," என்றார். அதற்கப்புறம்தான் அவருக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு நிற்கவில்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிற தம்பிகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். வெடித்ததற்கு ஒட்டுப் போடுவது தப்பில்லை, அதுவும் ஒரு கைவேலை. ஆனால் கஸ்டமர் கையில் கொடுக்கும்போதே ஒட்டு இருக்கும் இடத்தை விரலால் தொட்டுக் காட்டிவிடுங்கள். இப்போது நான் அப்படித்தான் கொடுக்கிறேன். நாகராஜ் வரும்போதெல்லாம் பெட்டியில் நல்லது நிறைய இருந்தாலும், ஒட்டுப் போட்டது இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்கிறார்.